மண்ணெண்ணெய் வாடை எங்கிருந்து வருகிறது?

சித்தூர் மாவட்டத்தில் குப்பத்தை அடுத்துள்ள சாந்திபுரத்தைப் பிறந்தகமாகக் கொண்ட சகோதரி ஒருவர், இப்போது வட அயர்லாந்தில் ஒரு வாடகை வீட்டில் குடும்பத்தோடு வாழ்கிறார். சமையலறை மூலையில் நிற்கும் எண்ணெய்க் கொதிகலனிலிருந்து விடியற்காலைதோறும் மண்ணெண்ணெய் வாடை வீசுவதாக எழுதியிருக்கிறார். வீட்டு உரிமையாளரிடம் சொன்னால், எண்ணெய்க் கொதிகலன் என்றால் எண்ணெய் வாடை இருக்கத்தானே செய்யும் என்று மறுமொழி வருகிறதாம். சாம்பிராணி போட்டு எப்படியோ சமாளித்து வருகிறாராம். கடிதத்தின் கடைசி வரியில்தான், மூத்த பெண்ணுக்கு மாலை வேளைகளில் தலைவலி வருகிறது என்பதையும் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறார்.

கடைசி வரியையே முதலில் எடுத்துக்கொள்வோம். எரிபொருள் சரியாக எரியாவிடில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உண்டாகும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. வீட்டில் இருக்கும்போது தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் தோன்றி, வெளியே சென்றதும் குறையுமானால், ஒருவர்க்கு மட்டுமன்றி வீட்டார் பலர்க்கும் அவ்வாறே நேருமானால், குளிர்தேசத்துச் சளி என்று எண்ணி இருந்துவிடலாகாது. கொதிகலனை நிறுத்திச் சன்னல் கதவுகளைத் திறந்துவிட்டு, அனைவரும் வெளியேறி, மருத்துவரை அணுகுதல் வேண்டும். இரத்தச் சோதனையில் இந்த நஞ்சு தெரிந்துவிடும். அச்சிறுமியின் தலைவலிக்கு வேறு காரணமும் இருக்கலாம். ஆயினும் முதலில் நீக்கவேண்டிய ஐயம் இதுவே. இந்த வாயுவைக் கண்டு ஒலியெழுப்பும் சிறு கருவியைப் பொருத்தித் தருவது வட அயர்லாந்தில் தனியார் வாடகை வீட்டு உரிமையாளரின் சட்டக் கடமை. பழைய குடிக்கூலி ஒப்பந்தங்களுக்கும் 2024 டிசம்பர் முதல் நாளிலிருந்து அது பொருந்தும். இங்கிலாந்தில் 2022 அக்டோபரிலேயே இக்கடமை விதிக்கப்பட்டது. ஆகவே கருவியைக் கேட்டுப் பெறக் கூச்சப்பட வேண்டியதில்லை.

இனி வாடைக்கு வருவோம். வட அயர்லாந்தில் பாதிக்கு மேற்பட்ட இல்லங்கள் எண்ணெயாலேயே வெப்பம் பெறுகின்றன. ஸ்காட்லாந்திலிருந்து கடலடிக் குழாய் வழியே இயற்கை வாயு அங்கு வந்து சேர்ந்ததே 1996-இல்தான். கொதிகலனில் எரிவது பெரும்பாலும் மண்ணெண்ணெய். நம் ஊர் ரேஷன் கடையில் நீல நிறம் ஏற்றி அளந்து கொடுத்தார்களே, அதே இனம். ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் கனடாவிலும் உள்ள நேயர்களின் வீடுகளில் எரிவது டீசலுக்கு நெருங்கிய எண்ணெய். அதன் வாடை சற்றுக் கனமானது. துணியில் ஏறினால் எளிதில் போகாது.

மார்கழிக் குளிருக்கு ஒரு கம்பளியே போதும் என்றிருந்த ஊரிலிருந்து வந்தவர்க்குக் கொதிகலன் புதிதுதான். ஆனால் அதன் உள்ளே நடப்பது புதிதன்று. நம் அன்னையரும் பாட்டிமாரும் பம்ப் ஸ்டவ் வைத்துச் சமைத்தவர்கள். 1892-இல் சுவீடன் நாட்டில் லிண்ட்குவிஸ்ட் என்பார் கண்ட அடுப்பின் வழிவந்தது அது. காற்றடித்து அழுத்தமேற்றிய மண்ணெண்ணெய், சூடேறிய தலைப்பகுதியில் ஆவியாகி, ஊசித்துளை வழியே சீறிவந்து நீலமாக எரியும். தலைப்பகுதி போதிய சூடேறுமுன் திருகைத் திறந்தாலோ, பச்சை மண்ணெண்ணெய் பீறிட்டு மஞ்சளாகக் கொழுந்துவிட்டு எரியும். வீடெங்கும் வாடையும் கரியும் நிறையும். துளை அடைத்தால் பின் கொண்டு குத்துவார்கள். கொதிகலனில் மின்சாரப் பம்பு, காற்றழுத்தத்தைப் போல் 7 மடங்கு அல்லது அதற்கும் மேலான அழுத்தத்தில் எண்ணெயை ஒரு நுண்துளை வழியே பனித்திவலையாகத் தெளிக்கிறது. மின்பொறி அதனைப் பற்றவைக்கிறது, விசிறி காற்றூட்டுகிறது. பெரிய பம்ப் ஸ்டவ் என்றே கொள்ளலாம். எண்ணெய் முழுதும் எரிந்து, புகை புகைபோக்கி வழியே வெளியேறிவிடின், வீட்டினுள் வாடைக்கே இடமில்லை. ‘வாடை இருக்கத்தானே செய்யும்’ என்ற மறுமொழி தவறானது. வாடை வந்தால் எண்ணெய் எங்கோ கசிகிறது, அல்லது எரியாமல் தங்குகிறது, அல்லது புகை திரும்பி வருகிறது என்பதே பொருள்.

அடையாளம் காண்பதற்கு நல்ல துணை கடிகாரம். எரியத் தொடங்கும் வேளையில் மட்டும் வாடையும், கூடவே ‘குபுக்’ என்ற ஓசையும் எழுமானால், பொறி பிந்துகிறது என்று கொள்ளலாம். எண்ணெய் முந்திக்கொண்டு தெளிக்கப்பட்டுப் பின்னர் ஒருங்கே தீப்பற்றுகிறது. எரிந்து நின்ற சில நிமிடங்களில் வாடை எழுமானால், எண்ணெயை நிறுத்தும் வால்வு முற்றும் மூடாமலோ, குழாயினுள் காற்று புகுந்தோ, துளையின் நுனியிலிருந்து சொட்டுகள் வடிந்து சூடான அறையில் ஆவியாகின்றன. இரவெல்லாம் சொட்டியது விடியற்காலை முதல் எரிப்பில் நாறும். சகோதரியின் கடிதம் காட்டுவது இவ்விரண்டில் ஒன்றாக இருக்கலாம். கொதிகலன் ஓடினாலும் நின்றாலும் இடைவிடாது வாடை வீசுமாயின் குழாயிலோ இணைப்பிலோ கசிவு இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. கொதிகலன் பற்றாமல் நின்றுவிட்டால் சிவப்பு விளக்கு எரியும். அருகில் ஒரு பொத்தான் இருக்கும். அதை ஒருமுறை அழுத்திப் பார்க்கலாம். குளிர் தாளாமல் மீண்டும் மீண்டும் அழுத்துகிறவர்கள் பலர். ஒவ்வோர் அழுத்தத்திற்கும் எரியாத எண்ணெய் உள்ளே சேர்ந்துகொண்டே போகும். பிறகு ஒருநாள் பற்றும்போது அது மொத்தமும் வெடிப்போசையோடு பற்றி, வீட்டையே கரியால் மெழுகிவிடும்.

கசிவைத் தேட விலையுயர்ந்த கருவி வேண்டா. கொதிகலனை நிறுத்தி, ஆறிய பின், எட்டக்கூடிய எண்ணெய் இணைப்புகளையெல்லாம் உலர்ந்த காகிதத்தால் துடைத்து, அவற்றின் கீழே வெள்ளைத்தாள் விரித்து வைக்கவேண்டும். ஓர் இரவு சென்றபின் தாளில் எவ்விடத்தில் எண்ணெய்ப் பொட்டு தெரிகிறதோ அதற்கு நேர்மேலே கசிவு இருக்கும் என்று பெரும்பாலும் கொள்ளலாம். பெரும்பாலும் என்பது ஏனெனில், மண்ணெண்ணெய் குழாயின் மேற்பரப்பிலே ஊர்ந்து சென்று வேறிடத்தில் சொட்டும் இயல்புடையது. வடிகட்டியும், பம்பின் அச்சுப் பகுதியும், வளையும் ரப்பர்க் குழாய்களும் கசிவுக்குப் பெயர்பெற்றவை. அந்த வளைகுழாய்களை ஆண்டுப் பராமரிப்பின்போது மாற்றிவிடுவது பலரின் வழக்கம். தேடுவதோடு நாம் நிற்கவேண்டும். திருகுகளை முறுக்குவது கைதேர்ந்தவர் வேலை. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஆஃப்டெக் என்னும் அமைப்பில் பதிவு பெற்ற தொழில்நுணுக்கர்கள் இருக்கின்றனர். தேடுகிறவர் நடுவில் கால்மணி நேரம் வெளியே சென்றுவருவதும் நல்லது. ஒரே வாடையில் நெடுநேரம் இருந்தால் மூக்கு அதனை மறந்துவிடும். மண்ணெண்ணெய் பெட்ரோலைப் போல எளிதில் பற்றுவதன்று. ஏறத்தாழ 38 பாகை செல்சியஸுக்குக் குறைந்த வெப்பத்தில் அதன் ஆவி தீப்பற்றும் அளவில் எழாது. ஆனால் அது ஊறிய துணியோ, குழாயைச் சுற்றிய பஞ்சோ விளக்குத் திரியைப் போலாகிவிடும். அத்தகைய இடத்தில் சாம்பிராணித் தணலை வைப்பது வாடையை மறைப்பதோடு ஆபத்தையும் வளர்ப்பதாகும்.

திரும்பி வரும் புகையின் வாடை வேறு வகை. மூக்கில் காரமாக ஏறும், கண் எரியும். இதில் நம்மவர் சமையலறைக்கென்றே உரிய காரணம் ஒன்றுண்டு. தாளிதம் செய்யும்போது புகை வெளியேறட்டும் என்று மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிடுகிறோம். அறையின் காற்றையே எடுத்து எரியும் பழைய வகைக் கொதிகலன் அதே அறையில் இருக்குமாயின், வலிய விசிறி காற்றை வெளியே இழுக்க இழுக்க, புகைபோக்கியில் மேலேறவேண்டிய புகை கீழிறங்கி அறைக்குள் நுழையும். குளிர் புகுகிறதென்று சுவரிலுள்ள காற்றுத்துளைத் தட்டியைத் துணியால் அடைத்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம். சாந்திபுரத்து வீட்டில் சன்னலைச் சாத்தினாலும் ஓட்டு இடுக்கால் காற்று வரும். இந்நாட்டு வீடுகள் அப்படியல்ல. மாலையில் சமையல் நேரத்தோடு அச்சிறுமியின் தலைவலி ஒத்துவருகிறதா என்பதைச் சகோதரி கவனிக்கவேண்டும். தட்டியை அடைத்திருந்தால் இன்றே எடுத்துவிடவேண்டும்.

எண்ணெய் நிரப்பிய அன்று தொட்டியருகே வாடை வீசுவது இயல்பே; ஓரிரு நாளில் அடங்கும். அடங்காமல், தொட்டியிலும் அளவு விரைந்து குறையுமானால், மண்ணுக்குள் கசிகிறது எனலாம். பலரும் அறியாத செய்தி ஒன்று: மண்ணில் ஊறிய மண்ணெண்ணெய், நிலத்தடியில் செல்லும் பிளாஸ்டிக் குடிநீர்க் குழாயின் சுவரையே ஊடுருவி நீரில் கலக்கவல்லது. குழாய்நீரில் அந்த வாடை தெரிந்தால், அதனைக் குடிக்கவோ சமையலுக்குப் பயன்படுத்தவோ கூடாது. காய்ச்சினாலும் சரியாகிவிட்டதென்று நம்பலாகாது. நீர் வழங்கும் நிலையத்தாருக்கு உடனே தெரிவிக்கவேண்டும். சிந்திய எண்ணெயை நீரூற்றிச் சாக்கடையில் தள்ளாமல், மணலோ மரத்தூளோ தூவி ஊறவைத்து அள்ளுக.

உரிமையாளரிடம் இனி வாய்மொழியாகச் சொல்லவேண்டா. எந்த நாள், எத்தனை மணி, கொதிகலன் ஓடும்போதா நின்றபின்னா, என்ன ஓசை, வெள்ளைத்தாளில் பொட்டு எங்கே என்பவற்றை ஒரு வாரம் குறித்து, எழுத்திலே அனுப்புக. வீட்டிலுள்ள குழந்தையின் தலைவலியையும் அதில் முதல் வரியிலேயே எழுதுக. கடைசியாகப் பராமரிப்பு நடந்த நாளைக் கேட்டு, அதற்கான சான்றின் படியொன்று வேண்டும் என்றும் சேர்த்துக்கொள்க. பழுதுபார்க்க வருபவரிடம் அந்தக் குறிப்பேட்டைக் காட்டினால், அவர் தேடும் நேரம் பாதியாகும்.