சிறைவாயில்

ஒரு சிறையின் தன்மையை அதன் மதில் காட்டுவதில்லை, வாயில் காட்டுகிறது. மனிதனை எவ்வாறு ஏற்கிறார்கள், எவ்வாறு அனுப்புகிறார்கள் என்பதன்றோ கேள்வி!

காவேரிப்பட்டினத்துக்குத் தெற்கே, சேலம் மத்திய சிறை 1862-இல் எழுந்தது. சென்னையில் 1837-இல் கட்டப்பெற்ற சிறை 2006-இல் புழலுக்கு இடம் பெயர்ந்தது. ஆனால் கட்டடம் புதிதானால் மட்டும் போதுமா?

2015-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள் வழிகாட்டுகின்றன. உள்ளே வருபவரை விரைவில் மருத்துவர் காணவேண்டும். தம் இருப்பிடத்தை அவர் குடும்பத்துக்கு உடனே தெரிவிக்க வாய்ப்பளிக்கவேண்டும். வெளியேறுபவருக்கு உரிய சான்றுகளும், தகுந்த உடையும், ஊர்போய்ச் சேர வழிச்செலவும் வேண்டும். ஆகவே வாயிலருகே மருத்துவ அறையும், தொலைபேசியும், உறவினர் காத்திருக்க நிழலும் அமைப்பது சலுகையன்று, கடமை.

2021-இல், ஜாமீன் கிடைத்தும் ஆணை வந்து சேராமையால் ஆக்ரா சிறையில் சிலர் அடைபட்டிருந்த செய்தி கண்டு உச்சநீதிமன்றம் தானே தலையிட்டது. 2022-இல் ஆணைகளை மின்வழி அனுப்பும் முறை பிறந்தது. ஜாமீன் கிடைத்து 7 நாட்களில் வெளிவராதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்கவேண்டும் என 2023-இல் நீதிமன்றம் பணித்தது.

ஆணை விரைந்து வந்தாலும், ஓசூர் ஆலைகளுக்கு வேற்றூரிலிருந்து பிழைக்க வந்த ஏழைக்கு ஜாமீன் நிற்க யார் உளர்? அவர் குடும்பத்துக்கு இலவசச் சட்ட உதவி உண்டென்று நாம் எடுத்துச் சொல்லலாம். சிறைப்பட்டோரைச் சந்திப்பது இரக்கச் செயல் என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். விடுதலை பெற்றவர் வேலை கேட்டு வரும்போது, நம் வீட்டுக் கதவும் ஒரு சிறைவாயிலாகிவிடலாகாது.