நீலத்திரை வந்தா ஃபார்மட்டா? கொஞ்சம் பொறுங்க சாமி!

"பொட்டி அடிக்கடி நீலமாயி நின்னுடுது, என்ன பண்ணலாம்?"னு யார்கிட்ட வேணா கேட்டுப் பாருங்க. பக்கத்து வீட்டுப் பையன், ஆபீஸ் நண்பர், சர்வீஸ் கடைக்காரர், ஊர்லேருந்து ஃபோன்ல பேசற மாமா, எல்லாரும் ஒரே மருந்துதான் எழுதிக் கொடுப்பாங்க. "ஃபார்மட் அடிச்சிடு!" தலைவலிக்கும் அதே, வயித்துவலிக்கும் அதே.

இது வைத்தியமே இல்லைங்கறதுதான் என் கட்சி. அதுவும் நீலத்திரை திரும்பத் திரும்ப வருதுன்னா, ஃபார்மட் அடிக்கிறது கடைசியா செய்ய வேண்டிய வேலை. நாம அதைத்தான் முதல்ல செய்றோம்.

முதல்ல, நீலத்திரைங்கறது நோய் இல்லை. காய்ச்சல் மாதிரி ஒரு அறிகுறி. விண்டோஸோட அடிமட்டத்துல, அதாவது கெர்னல்ல ஏதோ ஒண்ணு எசகுபிசகா ஆகி, இதுக்கு மேல ஓடினா உங்க டேட்டா நாறிடும்னு தெரிஞ்சா, அதுவே வண்டியை ஓரங்கட்டி நிறுத்திக்குது. நிறுத்தும்போது சும்மா நிறுத்தலை. ஸ்டாப் கோடுன்னு ஒண்ணைத் திரையில காட்டும். அந்த நேரத்துல மெமரியில இருந்ததுல ஒரு பகுதியை 'மினிடம்ப்'ங்கற ஃபோல்டர்ல எழுதி வைக்கும். 2012ல விண்டோஸ் 8 வந்தப்ப அழுமூஞ்சி பொம்மை சேர்ந்துச்சு. 2025ல விண்டோஸ் 11ல நீலமே போய் கறுப்பாயிடுச்சு. கலர்தான் மாறிச்சே தவிர செய்யற வேலை அதேதான்: என்ன ஆச்சுன்னு வாக்குமூலம் கொடுக்கறது.

ஃபார்மட் அடிச்சா முதல்ல போறது அந்த வாக்குமூலம்தான். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை தெரியும்ல? இங்க அதைவிட மோசம். வீடு எரிஞ்சு போச்சு, மூட்டைப்பூச்சி மட்டும் செங்கல் இடுக்குல சௌக்கியமா இருக்கு.

"அப்படிச் சொல்லாதே, எனக்கு ஃபார்மட் பண்ணித்தான் சரியாச்சு"ன்னு நீங்க சொல்லலாம். ஆகும், இல்லைன்னு சொல்லலை. 2003ல வந்த ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை, விண்டோஸ் எக்ஸ்பியில பதிவான க்ராஷ்கள்ல 85 சதவீதத்துக்கு டிரைவர்கள்தான் காரணம்னு சொல்லிச்சு. டிரைவர் பிரச்சினைன்னா, எல்லாத்தையும் வழிச்சுப் போட்டு மறுபடி ஏத்தும்போது புது டிரைவர் வந்து உட்கார்ந்து சரியாகலாம். ஆனா அதுக்கு அந்த ஒரு டிரைவரை மாத்தினாலே போதுமே! 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா? க்ரௌட்ஸ்ட்ரைக் அனுப்பின ஒரே ஒரு தப்பான ஃபைலால உலகம் பூரா சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின் மல்லாந்துச்சு. நம்ம நாட்டு ஏர்போர்ட்கள்ல போர்டிங் பாஸைக் கையால எழுதிக் கொடுத்தாங்க. அதுக்கு வைத்தியம் என்ன? சேஃப் மோடுல போய் அந்த ஒரு ஃபைலை அழிக்கறது. அவ்வளவுதான். டம்ப்பை உட்கார்ந்து படிச்சாலே குத்தவாளி யாருன்னு தெரிஞ்சுது. அத்தனை மெஷினையும் ஃபார்மட் அடிக்கக் கிளம்பியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். ஒரு தடவை வந்துட்டுப் போற நீலத்திரை வேற. வாரத்துக்கு மூணு தடவை வர்றது வேற. 2011ல மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் பத்து லட்சம் வீட்டுக் கணினிகளோட க்ராஷ் விவரத்தை அலசினாங்க. எட்டு மாசத்துல முப்பது நாளாவது சிபியு ஓடின மெஷின்கள்ல, சிபியு தரப்புக் கோளாறால விழுந்தது 190க்கு ஒண்ணுதான். ஆனா அப்படி ஒரு தடவை விழுந்த மெஷின்கள்ல, மறுபடி விழுந்தது சுமார் மூணுக்கு ஒண்ணு! அதாவது ஹார்டுவேர்ல ஒரு தடவை அடி பட்டுடுச்சுன்னா அது சும்மா இருக்காது, திரும்ப வரும். நூறு மடங்கு வரைக்கும் வாய்ப்பு கூடுதுன்னு எழுதியிருக்காங்க. திரும்பத் திரும்ப வர்றதே ஒரு துப்பு. அந்தத் துப்பு பல நேரம் ஹார்டுவேர் பக்கம்தான் கையைக் காட்டும். ஹார்டுவேரை ஃபார்மட் அடிக்க முடியுமா?

இன்னும் சமீபத்துக் கதை வேணும்னா, இன்டெல்லோட 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள். கேம் ஆடும்போது க்ராஷ், நீலத்திரைன்னு ஜனங்க மாசக்கணக்குல புலம்பினாங்க. விண்டோஸைத் திரும்பப் போட்டாங்க, டிரைவரை மாத்தினாங்க, ஒண்ணும் நடக்கலை. 2024ல இன்டெல்லே ஒத்துக்கிச்சு. சிப்புக்குத் தேவைக்கு மேல வோல்டேஜ் போய் அது உள்ளுக்குள்ளயே தேய்ஞ்சுக்கிட்டு இருந்திருக்கு. மைக்ரோகோடு அப்டேட் விட்டாங்க, வாரண்டியை ரெண்டு வருஷம் நீட்டினாங்க. அதுவரைக்கும் ஃபார்மட் அடிச்சவங்க நேரமெல்லாம் யார் கணக்குல எழுதறது?

நான் இருக்கறது நாவலூர்ல. ஒரு பக்கம் பக்கிங்காம் கால்வாய், அதைத் தாண்டினா கடல். சாயங்காலக் காத்து சுகமாத்தான் இருக்கும். ஆனா உப்பும் ஈரமும் கலந்த காத்து. ஜன்னல் கிரில்லு எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்குதுன்னு இங்க குடியிருக்கறவங்களைக் கேளுங்க. அதே காத்துதான் கேபினட்டுக்குள்ளயும் போகுது. ஓஎம்ஆர் தூசியோட சேர்ந்து ஈரம் படிஞ்சா, ராம் உட்கார்ற ஸ்லாட்டுல கான்டாக்ட் கெடறதுக்கு வேற எதுவும் வேண்டாம். போதாக்குறைக்கு கரண்ட். மழைக்காலத்துல ஈபி போயி, ஜெனரேட்டர் வந்து, மறுபடி ஈபி வந்துன்னு பொட்டியில இருக்கற எஸ்எம்பிஎஸ் படற பாடு இருக்கே.. இந்த ஏரியாவுல நீலத்திரைன்னா நான் விண்டோஸைச் சந்தேகப்படறதுக்கு முன்னாடி இந்த ரெண்டையும்தான் சந்தேகப்படுவேன்.

எங்க அபார்ட்மெண்ட்ல எதிர் வீட்டு அக்கா, சின்னச் சின்னக் கடைகளுக்கு வீட்டுலேருந்தே கணக்கு எழுதறாங்க. அசெம்பிள்டு பொட்டி. ஒரு கடையில மூணு தடவை ஃபார்மட் அடிச்சுக் கொடுத்திருக்காங்க, தடவைக்கு 600 ரூபாய். ஒவ்வொரு தடவையும் நாலு நாள் நல்லா ஓடி, அஞ்சாம் நாள் நீலம். ரெண்டாவது தடவை பேக்கப் இருக்கான்னு கூடக் கேக்காம அடிச்சதுல ரெண்டு மாச என்ட்ரி காலி. 20ஆம் தேதி ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு முன்னாடி, ராத்திரியெல்லாம் முழிச்சு பில்லைப் பார்த்துப் பார்த்துத் திரும்ப அடிச்சிருக்காங்க பாவம். மூணாவது தடவைக்கு அப்புறம், "இது தேறாது, புதுசு வாங்கிடுங்க"ன்னு சொல்லிட்டாங்களாம்.

"ஒரு தடவை பாரேன் தம்பி"ன்னாங்க. பார்த்தேன். பழைய டம்ப் எதுவும் இல்லை, அதான் அழிச்சாச்சே. கடைசி ஃபார்மட்டுக்கு அப்புறம் வந்தது மூணு இருந்துச்சு. மூணுலயும் மூணு வேற வேற கோடு, வேற வேற ஃபைல் பேரு. குத்தவாளி தடவைக்குத் தடவை மாறினா முதல்ல ராமைப் பிடிக்கணும். மெம்டெஸ்ட்டை பென் டிரைவ்ல போட்டு ராத்திரி ஓட விட்டுட்டு வந்துட்டேன். காலையில பார்த்தா திரை பூரா சிவப்புக் கோடு. ரெண்டு ஸ்டிக்கையும் தனித்தனியா, ஒரே ஸ்லாட்டுல மாட்டிச் சோதிச்சா ஒண்ணு சுத்தம், ஒண்ணு அவுட். வாரண்டியில மாத்திக் கொடுத்துட்டாங்க. ஆறு மாசமாச்சு, ஒரு நீலம் கூட இல்லை.

அக்கா கேட்டது ஒரே கேள்விதான்: "அப்ப மூணு தடவை எதுக்குத் தம்பி அழிச்சாங்க?"

கடைக்காரர் மேல மட்டும் பழி போட எனக்கு மனசு வரலை. எட்டு மணி நேரம் மெம்டெஸ்ட் ஓட விட்டா அதுக்கு யார் காசு கொடுப்பா? "ஒரு மணி நேரத்துல வேணும்"னு நாமதானே நிக்கிறோம். ஃபார்மட் அடிச்சா வேலை பார்த்த மாதிரி தெரியும், பொட்டியும் புதுசு மாதிரி பறக்கும். நாலு நாள் கழிச்சு வர்றது அடுத்த பில். காக்கா உட்காரப் பனம்பழம் விழற கணக்கா, பத்துல ரெண்டு சரியாகும். அந்த ரெண்டை வச்சே இந்த மருந்துக்கு இவ்வளவு பேரு.

எனக்குக் கோவம் நம்ம மேலதான், பொட்டி தட்டிப் பிழைக்கிற கூட்டத்து மேல. சிறுசேரியிலயும் சோழிங்கநல்லூர்லயும் உட்கார்ந்துக்கிட்டு, ஒரு சர்வர் பத்து நிமிஷம் விழுந்தா 'ரூட் காஸ் என்ன'ன்னு கேட்டு உயிரை எடுக்கறோம். லாகைப் பார்க்காம ரீஸ்டார்ட் பண்ணினவனை மீட்டிங் வச்சுத் தாளிக்கறோம். அதே ஆளு வீட்டுக்கு வந்து, பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்டா, ஏறிட்டுக் கூடப் பார்க்காம "ஃபார்மட் அடிச்சிடுங்க சார்"னுட்டுப் போறோம். கம்பெனி டேட்டான்னா டேட்டா, அவர் பேத்தி ஃபோட்டோன்னா டேட்டா இல்லையா?

அதனால அடுத்த தடவை யாராவது கேட்டா, இதையாவது பாருங்க:

1. முதல்ல பேக்கப். மத்ததெல்லாம் அப்புறம்.

2. 'தானா ரீஸ்டார்ட் ஆகு'ங்கற டிக்கை எடுத்துடுங்க. அப்பத்தான் திரை நிக்கும். கோடை ஃபோன்ல ஒரு படம் எடுத்து வைங்க.

3. மினிடம்ப் ஃபோல்டரை ப்ளூஸ்க்ரீன்வியூல திறங்க. எல்லா தடவையும் ஒரே டிரைவர் பேரு வந்தா அந்த டிரைவரைப் பிடிங்க. தடவைக்குத் தடவை மாறினா ராம். 'வீயா அன்கரெக்டபிள் எரர்'னு 124 வந்தா சிபியு, சூடு, வோல்டேஜ். 'கெர்னல் டேட்டா இன்பேஜ் எரர்'னு வந்தா டிஸ்க்கையும் கேபிளையும் பாருங்க.

4. நீலமே வராம பொசுக்குனு அணையுதா? ஈவன்ட் வியூவர்ல 'கெர்னல் பவர் 41' மட்டும் இருந்து பக்செக் கோடு பூஜ்யமா இருந்தா, எஸ்எம்பிஎஸ், யூபிஎஸ் பக்கம் போங்க.

5. கரண்டைப் பிடுங்கிட்டு, ராமைக் கழட்டி, கான்டாக்ட்டைத் துடைச்சு, தூசி தட்டி மாட்டுங்க. கடலோரத்துல இது பாதிக் கேஸை முடிக்கும் :-)

இவ்வளவும் பார்த்து, விண்டோஸ்தான் கெட்டுக் கிடக்குன்னு தெரிஞ்சா தாராளமா ஃபார்மட் அடிங்க, நான் தடுக்கலை. அது ஒரு முடிவு. பார்க்காம அடிக்கறது முடிவு இல்லை, சோம்பேறித்தனம். அதுக்கு விலை கொடுக்கறது நாம இல்லை, நம்மளை நம்பிக் கேட்டவங்க.

பி.கு: விண்டோஸ் 11 பொட்டியா இருந்தா, பயாஸ் அப்டேட்டுல கை வைக்கறதுக்கு முன்னாடி பிட்லாக்கர் ரெகவரி கீயை எழுதி வச்சுக்கோங்க. அது இல்லாம பூட்டிக்கிட்டா, அந்த டிஸ்க்குல இருக்கறது அவ்வளவுதான்.