கால்கரி தண்ணீரும் தருமபுரி தண்ணீரும்

குடிநீரில் ஃப்ளோரைடு சேர்க்கலாமா என்ற கேள்விக்காகவே கனடாவின் கால்கரி நகர மக்கள் பலமுறை வாக்குச்சாவடிக்குப் போய் வந்திருக்கிறார்கள். 1957-இல் தொடங்கி நான்கு வாக்கெடுப்புகளில் ‘வேண்டாம்’ என்றார்கள். 1989-இல் மனம் மாறி ‘சரி’ என்றார்கள். 1991 முதல் குழாயில் ஃப்ளோரைடு வந்தது. 2011-இல் நகர மன்றம் வாக்கெடுப்பு எதுவும் நடத்தாமல் அதை நிறுத்தியது. கருவிகள் பழசாகிவிட்டன, மாற்றினால் செலவு என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

அந்தச் சிக்கனத்தின் கணக்கைப் பிள்ளைகளின் வாயில் பார்க்க முடிந்தது. சுமார் 300 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் எட்மன்டன், ஃப்ளோரைடை நிறுத்தாத நகரம். 2018-19-இல் இரு நகரங்களிலும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பற்களைக் கால்கரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். பால் பல்லில் சொத்தை கண்டவர்கள் கால்கரியில் சுமார் 65%, எட்மன்டனில் 55%. 2021-இல் மறுபடி வாக்கெடுப்பு நடந்தது. 62% பேர் ‘கொண்டு வாருங்கள்’ என்றார்கள். புதிய கருவிகளுக்கு இரண்டு கோடி டாலருக்கு மேல் கொட்டி, 2025 ஜூன் 30 அன்று ஃப்ளோரைடை மீண்டும் கலக்கத் தொடங்கினார்கள். மிச்சம் பிடிக்கப் போய்ச் செலவை இழுத்து விட்டுக்கொண்ட கதை.

வேடிக்கை என்னவென்றால், அதே 2025-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலமும் பிறகு ஃப்ளோரிடாவும் குடிநீரில் ஃப்ளோரைடு கலக்கவே தடை போட்டன. அமெரிக்கச் சுகாதார அமைச்சர் ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர் அதைத் தொழிற்சாலைக் கழிவு என்கிறார். முழுப் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. அங்கே பெரும்பாலும் கலக்கப்படும் ஃப்ளோரோசிலிசிக் அமிலம், பாஸ்பேட் உரத் தயாரிப்பின்போது எழும் வாயுவிலிருந்து பிடிக்கப்படும் துணைப்பொருள்தான். ஆனால் ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்பதை வைத்து அது உடம்புக்குள் என்ன செய்யும் என்று சொல்லிவிட முடியாது. எவ்வளவு உள்ளே போகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

ஃப்ளோரைடின் கதையே அளவு மீறியதில்தான் தொடங்கியது. 1901-இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்குப் போன ஃபிரெடரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர், உள்ளூர்ப் பிள்ளைகளின் பற்கள் பழுப்பேறிக் கிடப்பதைப் பார்த்தார். அசிங்கமான பற்கள், ஆனால் சொத்தை குறைவு. தண்ணீரில் இயற்கையாகவே மிகுந்திருந்த ஃப்ளோரைடுதான் காரணம் என்று தெரிய 1931 ஆனது. கறை படியாத, ஆனால் சொத்தையைத் தடுக்கும் அளவைத் தேடிப் பிடித்து, 1945 ஜனவரியில் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ரேப்பிட்ஸ் நகரம் முதன்முதலாகக் குடிநீரில் கலந்தது.

இன்று அமெரிக்கா பரிந்துரைக்கும் அளவு லிட்டருக்கு 0.7 மில்லிகிராம். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்றுக்கு எட்டு கிராம் சொச்சம், ஒன்றரைத் தேக்கரண்டி உப்பின் எடை. 2024-இல் அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் வெளியிட்ட அறிக்கை, 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு உள்ள நீருக்கும் குழந்தைகளின் அறிவுத்திறன் குறைவதற்கும் தொடர்பு தெரிவதாகச் சொன்னது. 0.7-ஐப் பற்றி முடிவு சொல்லத் தரவு போதாது என்றும் அதுவே சொன்னது. கைபேசியில் சுற்றும் செய்திகளில் முதல் பாதி மட்டும்தான் வரும்.

எதிர்ப்பவர்கள் பக்கம் வலுவான வாதம் வேறொன்று இருக்கிறது. அதே ஆண்டு வந்த காக்ரேன் ஆய்வின்படி, ஃப்ளோரைடு பற்பசை பரவலான 1975-க்குப் பிறகு குடிநீரில் கலப்பதால் கிடைக்கும் பலன் மிகவும் சுருங்கிவிட்டது. முன்பு ஒரு பிள்ளைக்குச் சராசரியாக இரண்டு பற்கள் தப்பின. இப்போது கால் பல். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம் 2003-இல் கலப்பதை நிறுத்தியது. அந்நாட்டுக் கடைகளில் ஃப்ளோரைடு சேர்த்த உப்பு கிடைக்கிறது. ஆனாலும் பல் மருத்துவரிடம் போக வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கால் பல்லும் பெரிதுதான். அதனால் கால்கரி எடுத்த முடிவு கால்கரிக்குச் சரி.

அதைக் காட்டி இங்கே ஃப்ளோரைடு கலக்கச் சொன்னால் அது பைத்தியக்காரத்தனம். கால்கரிக்குத் தண்ணீர் தரும் போ, எல்போ ஆறுகளில் இயற்கையாக இருக்கும் ஃப்ளோரைடு மிகக் குறைவு. தருமபுரி, கிருஷ்ணகிரியின் பாறைக்குள் ஆழ்துளை இறக்கினால் ஃப்ளோரைடு தானாகவே ஏறி வருகிறது. பல இடங்களில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பையும் தாண்டி. வெயிலில் களை பறிப்பவர் ஒரு நாளைக்குக் குடிக்கும் தண்ணீர், குளிர்நாட்டுக்காரர் குடிப்பதைப் போல் பல மடங்கு. அமெரிக்காவே 2015 வரை வெப்பமான ஊர்களுக்குக் குறைந்த அளவைத்தான் பரிந்துரைத்தது.

அதிக ஃப்ளோரைடு உள்ள நீரைக் குழந்தைப் பருவத்தில் குடித்தவரின் பல்லில் முதலில் சுண்ணாம்பு போன்ற வெள்ளைத் திட்டு, பிறகு காவி நிறப் பட்டை. துலக்கினாலும் போகாது. ஆண்டுக்கணக்கில் குடித்தவருக்குக் கழுத்தும் முதுகும் இறுகும், கால் வளையும். கொதிக்க வைத்துக் குடித்தாலும் பயனில்லை. நீர் ஆவியாகி ஃப்ளோரைடின் செறிவு கூடத்தான் செய்யும். இதற்காகத்தான் சுமார் 1,900 கோடி ரூபாயில், ஜப்பானியக் கடனுதவியுடன், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013 முதல் காவிரி நீர் அந்த இரு மாவட்டங்களுக்கும் போகிறது. குழாயில் அது வராத நாளில் ஊராட்சித் தொட்டியில் ஆழ்துளைக் கிணற்று நீரை ஏற்றினால், பழைய தண்ணீரேதான் வீட்டுக்கு வரும்.

நகரத்து அம்மாக்கள் அமெரிக்கச் சண்டையைப் படித்துவிட்டு ‘ஃப்ளோரைடு இல்லாத’ பற்பசையை இரட்டை விலைக்கு வாங்குகிறார்கள். வீட்டுத் தண்ணீரில் ஃப்ளோரைடு எவ்வளவு என்று கேட்டால் தெரியாது. பிள்ளைக்குத் துப்பத் தெரிந்தால், பட்டாணி அளவு பற்பசையிலிருந்து ஃப்ளோரைடு சேர வேண்டிய இடம் பல்தான். அங்கே அது வேலை செய்கிறது.

ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் பரிசோதிக்கப் பயிற்சி தர வேண்டும் என்று விதி இருக்கிறது. கையடக்கப் பெட்டியில் உள்ள மருந்தைத் தண்ணீரில் விட்டு, நிறம் இளஞ்சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு எவ்வளவு மாறுகிறது என்று அட்டையோடு ஒப்பிட்டால் போதும், சில நிமிட வேலை. அப்படித் தெரியும் ஃப்ளோரைடு அளவை மாதாமாதம் தேதியோடு மேல்நிலைத் தொட்டியின் தூணில் எழுதி வைக்க ஒரு டப்பா பெயிண்ட் போதும். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஊராட்சிகள் இதை அடுத்த கிராம சபையிலேயே தீர்மானமாகப் போடலாம்.