வெல்வெட்டும் பூட்டும்

பர்மிங்காமில் வாழும் என் அத்தானிடம், 1924 முதல் அந்நகரிலேயே தயாரிக்கப்பட்ட வெப்லி காற்றுக் கைத்துப்பாக்கி ஒன்று உள்ளது. அதற்குத் தாமே செய்த பெட்டியின் படத்தை அனுப்பியிருந்தார். ஓக் பலகை, சிவப்பு வெல்வெட், பித்தளைக் கீல். நேர்த்தியான வேலைதான்; ஆனால் பூட்டு இல்லை!

ஓக் மரத்தின் அமில ஆவி ஈயக்குண்டுகளை அரிக்கும். வெல்வெட் ஈரத்தைப் பிடித்துவைத்து இரும்பைத் துருவேற்றும். அவற்றைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். பூட்டு அப்படியன்று.

"பழம்பொருள்தானே, யார் எடுக்கப் போகிறார்கள்?" என்கிறார். வீட்டில் ஒன்பது வயதுப் பேரன் இருக்கிறான். பழைய துப்பாக்கியின் குண்டும் கண்ணைப் பறிக்கும். 18 வயதுக்குட்பட்டோர் கைக்கு எட்டாதவாறு காப்பது, 2011 பிப்ரவரி முதல் அங்கே உரிமையாளரின் சட்டக் கடமையுமாகும்.

இருபது ஆண்டுகளாக அவ்வயதுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறேன். மூடிய பெட்டியைத் திறந்து பாராமல் விட்ட பிள்ளையை நான் கண்டதில்லை. பூட்டோடு வேறொரு படம் அனுப்புமாறு அத்தானுக்கு எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை.