பித்தளைக்கு இடமில்லை

எதிர் ஃபிளாட்டில் சமையலறையை இடித்துக்கொண்டிருந்தார்கள். பதினைந்து நாளாகச் சத்தம், தூசி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வீட்டு 'பா' என் கதவைத் தட்டினார். குஜராத்தியில் பா என்றால் அம்மா. எங்கள் மாடியில் எல்லோருக்குமே அவர் பாதான். இடுப்பில் ஒரு பித்தளைத் தவலை. "திக்ரி, இது கொஞ்ச நாள் உன் வீட்டில் இருக்கட்டும். அங்கே எடை போட்டு முடிக்கிற வரைக்கும்" என்றார்.

எட்டிப் பார்த்தேன். பழைய பாத்திரம் வாங்குகிறவர் அவர்கள் கூடத்தில் தராசோடு உட்கார்ந்திருந்தார்.

பாவின் மகனும் மருமகளும் பொல்லாதவர்கள் அல்ல. இருவரும் காலை எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறவர்கள். டெல்லி ஃபிளாட்டில் சமையலறை எட்டடிக்கு ஆறடி. டிசைனர் கம்ப்யூட்டரில் வரைந்து காட்டிய படத்தை என்னிடமும் காட்டினார்கள். எல்லாமே கதவுக்குப் பின்னால் போய்விடுகிறது. கண்ணில் படுவது ஒரே ஒரு திறந்த ஷெல்ஃப். அதில் ஒரே உயரத்தில் ஐந்து கண்ணாடி ஜாடிகள், ஒரு சின்னச் செடி, சுவரில் சாய்த்து வைத்த மரப்பலகை. அழகாகத்தான் இருந்தது. ஆனால் செல்ஃபோனில் எந்த ஊர்ச் சமையலறைப் படத்தைப் பார்த்தாலும் இதே ஜாடி, இதே செடி, இதே பலகை. அந்த வீட்டில் இட்லி சாப்பிடுகிறார்களா, தேப்லா சாப்பிடுகிறார்களா என்று சொல்ல முடியாது.

பாவின் ஊர் பாவ்நகர் பக்கம். கல்யாணமாகிப் போன வீட்டில் சுவரை ஒட்டி, தலைக்கு மேல், நீளமாக ஓடும் பலகை ஒன்று உண்டு. அதற்கு 'அபராய்' என்று பெயர். சௌராஷ்டிரத்திலும் கட்ச்சிலும் பழைய வீடுகளுக்குள் போனவர்கள் பார்த்திருப்பார்கள். பெரிய தட்டுகள் சுவரில் சாய்ந்து வரிசையாக நிற்கும். அவற்றுக்கு முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக, கீழே பெரியது மேலே சிறியது என்று குடங்களும் செம்புகளும். மாலை வெயில் வாசல் வழியே வந்தால் சுவர் முழுக்கப் பொன்னிறம்.

தொழில் புத்தி, அபராய்க்குத் தமிழ்ச் சொல் தேடினேன். பரண் என்று போட்டால் தவறு. பரண் பொருளை ஒளித்து வைக்கிற இடம். அபராய் காட்டி வைக்கிற இடம். வெறும் 'அலமாரி' என்றால் பாதி அர்த்தம் கழன்று விழுந்துவிடுகிறது. எனவே இந்தப் பக்கத்தில் அபராய் அபராயாகவே இருக்கட்டும்.

காட்டி வைத்தது எதை? நானும் முதலில் வசதியை என்றுதான் நினைத்தேன். பா அந்தத் தவலையைத் திருப்பிக் காட்டினார். கழுத்துக்குக் கீழே குஜராத்தி எழுத்தில் வெட்டியிருந்தது: அவருடைய பெயர், தாய்மாமன் பெயர், வருடம் 1968. குஜராத்தில் கல்யாணத்துக்குத் தாய்மாமன் கொண்டுவரும் சீருக்கு மாமேரு என்று பெயர். அப்படி வந்தது அது. ஒவ்வொரு பாத்திரத்திலும் இதுபோல ஒரு பெயர்: அத்தை, பெரியப்பா, சூரத்தில் இருந்த சிநேகிதி. வீடு மாமனார் பெயரில், நிலம் புருஷன் பெயரில். அந்த வீட்டில் பாவின் பெயர் எழுதியிருந்த ஒரே இடம் அபராய்.

1985-ல் பிரதிபா ராணி வழக்கில் உச்சநீதிமன்றம், பெண்ணின் ஸ்ரீதனம் அவளுடைய சொத்து, புகுந்த வீட்டார் கையில் இருந்தாலும் அவர்கள் அதற்குக் காவலர்கள் மட்டுமே என்று தீர்ப்பளித்தது. திருப்பிக் கொடுக்க மறுத்தால் நம்பிக்கை மோசடிக் குற்றம். சரி, எது யாருடையது என்பதற்கு அத்தாட்சி? கல்யாணப் பந்தலில் யார் ரசீது வாங்கி வைத்தார்கள்? கடைக்காரர் கர்ரென்று வெட்டித் தருகிற அந்தப் பெயர்தான் பல பெண்களிடம் இருந்த ஒரே பத்திரம்.

பழசு என்பதற்காக நான் உருகவில்லை. தீபாவளிக்கு முன்னால் அத்தனையையும் இறக்கி, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, துடைத்து, மறுபடி ஏற்றுவது யார்? ஒரு வருஷம் ஸ்டூலிலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டதைப் பாவே சொன்னார். "அழகாகத்தான் இருக்கும். ஏறுகிறவளுக்குத்தான் தெரியும்" என்றார். மருமகள் அந்த ஸ்டூலில் ஏற மாட்டேன் என்பதை நான் எப்படித் தவறு என்பேன்?

டெல்லி வந்த பிறகு பாவின் சேகரிப்பு எவர்சில்வருக்கு மாறியது. கூடையில் பாத்திரம் சுமந்து, பழைய துணிக்குப் பண்டமாற்று செய்ய வருவார்களே, அந்த வாக்ரி சமூகப் பெண்கள் பூர்வீகத்தில் குஜராத்திகள். வாங்கிய துணி ரகுபீர் நகர் சந்தைக்குப் போகும். பா அவர்களோடு சொந்த மொழியில் பேரம் பேசுவார். இரண்டு பட்டுப் புடவைக்கு ஒரு பெரிய டப்பா. சம்பளம் இல்லாத ஒருத்தி தன் ஷெல்ஃபை நிரப்பிய வழி அது.

இப்படி எடைக்குப் போகிறவை உருகிப் போகின்றன. அதைப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் சுரேந்திர படேல் அகமதாபாத்தில் தம்முடைய விஷாலா வளாகத்தில் 1981-ல் பாத்திரங்களுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் தொடங்கினார். பீகாரில் பிறந்த சுபோத் குப்தா 2006-ல் எவர்சில்வர் பாத்திரங்களை அடுக்கியே பிரம்மாண்டமான மண்டையோடு ஒன்றைச் செய்தார். நாம் பரணுக்கு அனுப்பியதைப் பார்க்க உலகம் காலரிக்குப் போகிறது.

ஷெல்ஃபை அழகு செய்யப் போகிறவர்களுக்கு, இரண்டு வீடு மாறிய அனுபவத்தில் சொல்கிறேன். பழைய ஃபிளாட்களில் கோட்டா கல் ஷெல்ஃப் இருந்தால் தச்சர் சொன்னார் என்று உடைக்காதீர்கள். கரையானுக்கும் தண்ணீருக்கும் அது அசையாது, பிளைவுட் அப்படியல்ல. அடுப்பை ஒட்டித் திறந்த ஷெல்ஃப் வைத்தால் ஒரே மாதத்தில் எண்ணெய்ப் பிசுக்கு படியும். அங்கே தினமும் எடுத்துக் கழுவுகிற டம்ளர், தட்டு மட்டும் இருக்கட்டும். பித்தளையில் புளி, தயிர் வைப்பதானால் உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும். உலர்ந்த பண்டத்துக்கு அந்தக் கவலை இல்லை. ஷெல்ஃபில் செய்தித்தாள் விரித்து ஓரத்தைக் கத்தரியால் பூ வெட்டித் தொங்கவிடுவது எனக்கு இன்றும் பிடிக்கும். என் முதல் மொழிபெயர்ப்புக் கட்டுரை அச்சான மறு மாதமே அம்மா அதைத் துவரம்பருப்பு டப்பாவுக்குக் கீழே விரித்திருந்தாள். என் எழுத்துக்குக் கிடைத்த முதல் விமர்சனம். மூடிய டப்பாவுக்குக் கீழே சரி. செய்தித்தாளில் உணவைப் பொதியக் கூடாது, மை உடம்புக்குக் கெடுதல் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-ல் எச்சரித்திருக்கிறது.

எதிர் வீட்டில் வேலை முடிந்தது. பெரிய குடங்கள் எல்லாம் போய்விட்டன. போன வாரம் மருமகள் வந்து, "அக்கா, பாவின் தவலை உங்களிடம் இருக்கிறதாமே?" என்றாள். அவள் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த பஞ்சாபிப் பெண். வாங்கிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதில் என்ன எழுதியிருக்கிறது? எனக்குக் குஜராத்தி படிக்கத் தெரியாது."

எனக்கும் அரைகுறைதான். அவரையே கேள் என்றேன்.

நேற்று காபிப் பொடி கடன் கேட்கப் போனபோது பார்த்தேன். திறந்த ஷெல்ஃபில் ஐந்து ஜாடி மூன்றாகியிருந்தது. செடி ஜன்னலுக்குப் போயிருந்தது. அந்த இடத்தில் தவலை, பெயர் வெட்டிய பக்கம் வெளியே தெரிய. உள்ளே உருளைக்கிழங்கு.