எந்தச் சல்வீனியா?

சாம்பேசி ஆற்றில் கரிபா அணை மூடப்பட்டது 1958 டிசம்பரில். அடுத்த மே மாதமே ஏரியில் பச்சைத் திட்டுகள் தென்பட்டன. 1962இல் அவை சுமார் ஆயிரம் சதுர கிலோமீட்டரை, ஏரியில் ஐந்தில் ஒரு பங்கைப் போர்த்திவிட்டன. இரண்டு மூன்று சென்டிமீட்டர் இலை கொண்ட ஒரு மிதக்கும் பெரணியின் வேலை அது.

சல்வீனியா என்பது தெரிந்துவிட்டது. எந்தச் சல்வீனியா? தென் அமெரிக்காவின் ஆரிகுலாட்டா என்று முடிவு கட்டினார்கள். அந்தப் பெயரை நம்பித்தான் டிரினிடாட்டிலும் கயானாவிலும் அதைத் தின்னும் பூச்சிகளைத் தேடினார்கள். கொண்டுவந்த பூச்சிகளால் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை.

குழப்பத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இலையின் மேல் முடிகள் நெருக்கமாக நிற்கும். ஒவ்வொன்றும் நான்காகப் பிரிந்து நுனியில் மறுபடி கூடும். முட்டை அடிக்கும் கம்பிக் கரண்டியின் குட்டி வடிவம். ஆனால் ஆரிகுலாட்டாவுக்கும் அதே முடிதான். வேறுபாடு தண்ணீருக்கு அடியில். அங்கே வேர் போலத் தொங்குவது வேரல்ல, உருமாறிய இலை. அதில் நீண்ட சரமாகக் கோத்திருக்கும் வித்துப்பைகள்தாம் அடையாளம். அவையும் மலட்டுப் பைகள். உடைந்த துண்டு தழைத்தே இந்தச் செடி பெருகுகிறது. 1972இல் டேவிட் மிட்செல் இதைத் தனி இனமாக விவரித்து 'மொலஸ்டா' என்று பெயரிட்டார். தொல்லை என்று பொருள்.

சரியான பெயர் கிடைத்த பிறகே சரியான ஊரும் கிடைத்தது. 1978இல் தென்கிழக்கு பிரேசிலில் அதன் தாயகத்தைக் கண்டார்கள். அங்கிருந்து வந்த இரண்டு மில்லிமீட்டர் கூன்வண்டு, 1980இல் ஆஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் விடப்பட்டு, ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் களையை அடக்கியது. வேடிக்கை என்னவென்றால், அந்த வண்டையும் முதலில் வேறோர் இனமென்றே நினைத்தார்கள். அதற்குத் தனிப்பெயர் வந்தது 1985இல்.

ஏரியில் களை என்றதும் இயந்திரத்துக்கும் மருந்துக்கும் பணம் ஒதுக்கும் அரசுகள், அந்தக் களை எதுவென்று சொல்லும் வகைப்பாட்டியலாளருக்கு ஒதுக்கத் தயங்குவது பெரும் பிழை. நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்து முடி எண்ணுபவரின் சம்பளம், தவறான பூச்சியைக் கடல் கடந்து கொண்டுவரும் செலவில் ஒரு துளி.

இலங்கைக்கு இந்தச் செடி 1939இல் தாவரவியல் பாடத்துக்காக வந்து, வாய்க்கால்களுக்கும் வயல்களுக்கும் தப்பியது. கேரளத்துக் காயல்களில் இன்றும் அதற்கு 'ஆப்பிரிக்கன் பாயல்' என்றே பெயர். அந்தப் பெயரை நம்பி வண்டு தேடப் போயிருந்தால், கண்டமே தவறியிருக்கும்.