ஏரிக்குக் கீழே இருக்கும் நஞ்சையைக் காப்பாற்ற வாருங்கள்

ஊரப்பாக்கம், நந்திவரம், கூடுவாஞ்சேரி, ஆதனூர், மண்ணிவாக்கம் வட்டார மக்களுக்கு:

எங்கள் ஊர் ஏரிக்குக் கீழே, ஆயக்கட்டு நஞ்சையில், மண் கொட்டத் தொடங்கிவிட்டார்கள். பகலில் அங்கே ஒருவரும் இருப்பதில்லை. ஊர் அடங்கியதும் டிப்பர் லாரிகள் வரிசை கட்டி வருகின்றன, விடிவதற்குள் போய்விடுகின்றன. செம்மண்ணோடு, எங்கோ இடித்த கட்டடத்தின் செங்கல்லும் கான்கிரீட்டும் கலந்து கிடக்கின்றன. கலங்கலிலிருந்து இறங்கும் போக்குக் கால்வாயின் குறுக்கே இரண்டு சிமென்ட் குழாயைப் போட்டு, மேலே மண்ணைப் பரப்பி வண்டிப்பாதை ஆக்கியிருக்கிறார்கள். தடுத்துக் கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில்: "பட்டா நிலம், உங்களுக்கு என்ன?" சர்வே எண்களோடு மனு கொடுத்தோம். ரசீது இருக்கிறது. பதில்தான் இல்லை.

எங்களுக்கு என்ன என்பதைச் சொல்லத்தான் இந்த வேண்டுகோள்.

நம் வட்டாரத்து நீர்வழி பெரியவர்களுக்குத் தெரியும். பத்து இருபது ஆண்டுகளுக்குள் வந்து குடியேறியவர்கள் பலருக்குத் தெரியாது. நந்திவரம் பக்கத்து மிகைநீர் ஊரப்பாக்கம் வழியாக ஆதனூரை நோக்கி இறங்குகிறது. சென்னையைக் கடந்து கடலில் சேரும் அடையாற்றுக்கு ஆதனூர் ஏரிதான் தலை. அங்கிருந்து மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம் என்று இறங்கிப் போகிறது. அதாவது, 42 கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் ஆற்றின் மேல்முனையில் நாம் குடியிருக்கிறோம்.

2015 டிசம்பர் 1, 2 தேதிகளை யாரும் மறக்கவில்லை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கத்தில் 47. அந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள் என்பதையே இன்றுவரை எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் செம்பரம்பாக்கத்தின் மிகைநீர் அடையாற்றில் கலப்பது திருநீர்மலை அருகே. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே இருக்கின்றன. அங்கே முதல் மாடி வரைக்கும் ஏறிய தண்ணீர், மாடியிலிருந்து படகில் இறக்கப்பட்ட குடும்பங்களைச் சூழ்ந்து நின்ற தண்ணீர், செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் அல்ல. நம் பக்கத்து ஏரிகளிலிருந்தும், தூர்ந்த கால்வாய்களிலிருந்தும், மேடாக்கப்பட்ட வயல்களிலிருந்தும் இறங்கிய தண்ணீர். அந்த வெள்ளத்தைப் பற்றி 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை, அதை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றே எழுதியது. அதைப் படித்த பிறகும் மண் லாரியை அனுமதிப்பவர்களை என்னவென்று சொல்வது?

ஒரு கணக்கு போடுங்கள். ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். ஓரடி உயர வரப்பு கட்டிய ஒரு ஏக்கர் நெல்வயல், மழை கொட்டும்போது சுமார் 12 லட்சம் லிட்டர் தண்ணீரைத் தன்னிடம் நிறுத்திவைக்கும். நம் தெருக்களுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஏற்றினால் 100 லாரி. நூறு ஏக்கர் ஆயக்கட்டை மேடாக்கினால் 12 கோடி லிட்டர், அதாவது 10,000 லாரித் தண்ணீர், தங்க இடமில்லாமல் அடுத்த தெருவுக்கு வரும். 49 சென்டிமீட்டர் மழையில் ஒரு ஏக்கர்மேல் விழுவது மட்டுமே கிட்டத்தட்ட 20 லட்சம் லிட்டர். இதில் அரசியலும் இல்லை, கருத்து வேறுபாடும் இல்லை. வெறும் பெருக்கல்.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். பாதிதான் இருக்கிறது. ஏரிக்குள் வீடு கட்டினால் கேட்க 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. கால்வாய் புறம்போக்கு, அதைத் தூர்ப்பதும் குற்றம். ஆனால் ஏரிக்குக் கீழே இருக்கும் நஞ்சை தனியார் பட்டா. நிலப் பயன்பாட்டை மாற்றி உத்தரவு வாங்கிவிட்டால், அதில் மனை போடுவது முழுக்கச் சட்டப்படியான வேலை. நீர்வளத் துறையிடம் தடையின்மைச் சான்று கேட்கிறார்கள். அந்தச் சான்றில் வழக்கமாக வரும் நிபந்தனை என்ன தெரியுமா? வெள்ள மட்டத்துக்கு மேலே மனையை இவ்வளவு உயர்த்த வேண்டும் என்பது. புதிய மனையில் வீடு வாங்குபவரைக் காப்பாற்றும் நிபந்தனைதான். அதை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் உயர்த்திய மனையிலிருந்து இறங்கும் தண்ணீர், பக்கத்தில் முப்பது ஆண்டுகளாகத் தாழ்வாக நிற்கும் ஓட்டு வீட்டுக்குள் போகும். அந்த வீட்டுக்காரரிடம் யாரும் தடையின்மைச் சான்று கேட்பதில்லை. ஒவ்வொரு மனைப்பிரிவையும் தனித்தனிக் கோப்பாகப் பார்க்கும்வரை, ஏரி, கால்வாய், வயல், ஆறு என்ற தொடர் எந்தக் கோப்பிலும் வரப்போவதில்லை. எங்கள் கோபத்துக்கு முதல் காரணம் இதுதான்.

இப்போது ஏன் இவ்வளவு அவசரம்? 2008-இல் அறிவிக்கப்பட்ட சென்னைப் பெருநகரின் இரண்டாவது முழுமைத் திட்டத்தின் காலம் 2026-உடன் முடிகிறது. அடுத்த 20 ஆண்டுகளுக்கான மூன்றாவது திட்டத்தைச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) தயாரித்து வருகிறது. பழைய பெருநகர் எல்லை 1,189 சதுர கிலோமீட்டர். ஜி.எஸ்.டி. சாலையில் அது வண்டலூர்ப் பக்கத்தோடு நின்றுவிட்டது. ஊரப்பாக்கமும் கூடுவாஞ்சேரியும் வெளியே, நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டி.டி.சி.பி.) கீழ் இருந்தன. 2022 அக்டோபரில் எல்லையை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். ஏறக்குறைய ஐந்து மடங்கு. ஆக, எந்தச் சர்வே எண் குடியிருப்பு, எது தொழிற்சாலை, எது விவசாயம் என்று ஒரே பெருநகர் வரைபடத்தில் நம் ஊர்களுக்கு நிறம் பூசப் போவது இதுவே முதல் தடவை. ஒரு தடவை குடியிருப்புக்கான மஞ்சள் நிறம் விழுந்துவிட்டால் அந்த வயலை வயலாக வைத்திருக்கச் சொல்லி எந்த அலுவலகத்திலும் நாம் வாதாட முடியாது.

இந்த இடைவெளியில்தான் லாரிகள் ஓடுகின்றன. வரைபடம் வருமுன் மண் கொட்டி மேடாக்கிவிட்டால், நேரில் பார்க்க வருபவர் "இங்கே ஏது விவசாயம்?" என்று எழுதிக்கொண்டு போவார் என்பது அவர்கள் கணக்கு.

வளர்ச்சியே வேண்டாம் என்கிறோமா? இல்லை. கடற்கரை – தாம்பரம் மின்ரயில் 1931-இலேயே ஓடத் தொடங்கியது. அந்தத் தண்டவாளத்தின் நீட்சியை நம்பித்தான் நம்மில் பாதிப்பேர் இங்கே மனை வாங்கினோம். காலை ரயிலில் கதவோரம் தொற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் நாங்கள். நகருக்குள் வாடகை கொடுக்க முடியாதவர்களுக்கு வீடு வேண்டும். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்றின் பேரில் இணைய வழியில் உடனே அனுமதி தரும் முறை 2024-இல் வந்தபோது வரவேற்றோம். வரைபட அனுமதிக்காகச் சிறு குடும்பங்கள் பட்ட பாடு கொஞ்சமா? ஆனால் அந்த மனை எந்த இடத்தில் போடப்பட்டது என்பதை அந்த அனுமதி சரிசெய்துவிடாது.

கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தைப் பாருங்கள். 88.52 ஏக்கரில் கட்டி, 2023 டிசம்பர் 30 அன்று திறந்தார்கள். நல்ல கட்டடம், நமக்குப் பயனும் உண்டு. ஆனால் அதன் வாசலிலேயே ஜி.எஸ்.டி. சாலையில் மழைநீர் தேங்கியது. அதன் பிறகுதான் வடிகாலுக்கு வேலை தொடங்கினார்கள். முதலில் கட்டடம், பிறகு வடிகால். நம் ஊர்களில் எல்லாமே இந்த வரிசையில்தான் நடக்கிறது. நாளொன்றுக்கு ஒருவருக்கு 135 லிட்டர் என்பது அரசின் நகரக் குடிநீர் அளவு. நான்கு பேர் கொண்ட 1,000 வீடுகளுக்கு 5.4 லட்சம் லிட்டர். அதில் 80 விழுக்காடு, அதாவது 4.32 லட்சம் லிட்டர், அன்றாடம் கழிவுநீராக வெளியே வரும். பாதாளச் சாக்கடை இல்லாத தெருவில் அது எங்கே போகும்? கழிவுநீர் லாரி எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்று இரவில் ஏரிக்கரைப் பக்கம் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு 10 விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளியாக ஒப்படைக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. அந்த ஓ.எஸ்.ஆர். இடம் உங்கள் நகரில் எது என்று கேட்டால் எத்தனை பேர் காட்டுவோம்?

நிலத்தை விற்கும் விவசாயி எங்கள் எதிரி அல்ல. மதகடியில் சாக்கடை வந்து சேரும் வயலில், ஆள் கிடைக்காமல், பயிரை மாடு மேய, எத்தனை போகம் நட்டத்தில் வைப்பார்? அவரைப் பார்த்து "நீ மட்டும் உழுதுகொண்டிரு, நாங்கள் வெள்ளமில்லாமல் வாழ்கிறோம்" என்று சொல்ல எங்களுக்கு வாய் இல்லை. ஊருக்காக நிலத்தைக் கட்டடமின்றி விட்டுவைப்பவருக்கு ஊர் ஈடு கொடுக்க வேண்டும். வேறிடத்தில் கட்டிக்கொள்ளவோ விற்கவோ கூடிய வளர்ச்சி உரிமைச் சான்று என்ற ஏற்பாடு தமிழ்நாட்டு விதிகளிலேயே இருக்கிறது. சாலைக்கு நிலம் தருபவருக்கு அதைத் தரலாம் என்றால், வெள்ளத்தைத் தாங்கும் நஞ்சைக்கு ஏன் தரக் கூடாது?

மூன்றாவது முழுமைத் திட்டத்தில் நாங்கள் கேட்பது இதுதான். ஏரிகளின் நீர்ப்பரப்போடு நிறுத்தாமல், வரத்துக் கால்வாய், கலங்கல், போக்குக் கால்வாய், அதன் இருபுறத் தாழ்நிலம் ஆகியவற்றையும் சர்வே எண் வாரியாகக் கட்டடமில்லாப் பகுதி என்று குறிக்க வேண்டும். இது புதுமையான கோரிக்கை அல்ல. இரண்டாவது திட்டத்திலேயே செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கும் தெற்குக் கடலோர நிலத்தடி நீர் ஊறும் பகுதிக்கும் தனிக் கட்டுப்பாடு இருந்தது. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிக்கு ஒரு நியாயம், அடையாற்றின் தலைக்கு வேறொரு நியாயமா? வடிகாலும் கழிவுநீர் ஏற்பாடும் முடியாத இடத்தில் பெரிய மனைப்பிரிவுக்கும் அடுக்குமாடிக்கும் அனுமதி தரக்கூடாது. திட்டம் வெளியாகும் வரை ஆயக்கட்டு நஞ்சையில் நிலப் பயன்பாட்டு மாற்றம் எதையும் வழங்கக் கூடாது. மண் லாரிகளை இன்றே நிறுத்த வேண்டும்.

இனி உங்களிடம் கேட்பது. திட்டத்தின் வரைவு வெளிவந்தால் ஆட்சேபமும் ஆலோசனையும் சொல்லக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் சட்டப்படி உண்டு. ஆட்சேபத்தை எழுத்தில், சர்வே எண் குறிப்பிட்டு, உங்கள் பெயரில் கொடுக்க வேண்டும். நூறு பேர் கையெழுத்திட்ட ஒரு மனுவைவிட நூறு பேர் தனித்தனியாகத் தந்த நூறு மனுக்களுக்கு வலு அதிகம். அ-பதிவேட்டு நகலையும் புலப்படத்தையும் எங்கள் செலவில் எடுத்து வைத்திருக்கிறோம். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதித் தருகிறோம். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. ஊராட்சியாக இருக்கும் ஊர்கள் ஒவ்வொன்றும் அடுத்த சபையிலேயே இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும். கூடுவாஞ்சேரி நகராட்சி மக்கள் தங்கள் வார்டு உறுப்பினரைக் கொண்டு மன்றத்தில் எழுப்ப வேண்டும்.

கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கடந்த கிராம சபைக்கு நம் நகர்களிலிருந்து வந்தவர்கள் மிகச் சிலர். அந்தக் காலி நாற்காலிகளைப் பார்த்துத்தான் மண் லாரிக்காரர்களுக்குத் துணிச்சல் வந்தது. ஏரிப் பார்வை என்று விளம்பரம் பார்த்து வீடு வாங்கியவர்கள், அந்த ஏரிக்குக் கீழே நடப்பதைப் பால்கனியிலிருந்து படம் எடுத்ததோடு நின்றுவிட்டார்கள். சிலர், இன்னும் நாலு மனை வந்தால் நம் மனைக்கு விலை ஏறும் என்று மௌனமாக இருக்கிறார்கள். ஏறும்தான், அடுத்த வெள்ளம் வரை. இடுப்பளவு தண்ணீர் நின்ற தெருவில் வீடு பார்க்க வருபவர் முதலில் கேட்பது "2015-இல் இங்கே எவ்வளவு வந்தது?" என்றுதானே?

நஞ்சையில் முன்பணம் கொடுக்க நினைப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லா மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை போட்டபோது வாழ்நாள் சேமிப்பைப் போட்டுவிட்டு விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் தவித்தவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்து காப்பாற்றியது, 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட மனைகளை மட்டும். இப்போது வாங்குபவர்களுக்கு அந்தக் கதவு திறந்திருக்கவில்லை. தரகர் காட்டும் வண்ண வரைபடத்தை நம்பாமல், அ-பதிவேட்டில் அந்த எண் நஞ்சையா, எந்த ஏரியின் பாசனம் என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள். போக்குக் கால்வாயை மறித்துப் போட்ட எந்த மனையையும் நாங்கள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவோம். வாங்கியவர் நம்மூர்க்காரரானாலும் விடமாட்டோம்.

ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, ஆதனூர் வட்டாரக் குடியிருப்போரும் ஆயக்கட்டு விவசாயிகளும்